லோர்காவின் ‘கன்சியோன் தெ ஹினேத்தே’: சொற்பொருள் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் எப்படிப் படிப்பது?

நிலவழகன் கேட்டது:

ஸ்பானிய மொழி வகுப்பில் (பி1 நிலை) ஆளுக்கொரு கவிதையை எடுத்து மொழி, அணிகள், பண்பாடு என்று மூன்று பக்கமும் விளக்க வேண்டும். பேச 15 நிமிடம், எழுத்தில் 2 பக்கம். நான் எடுத்திருப்பது ஸ்பானியக் கவிஞர் ஃபெதெரீகோ கார்சியா லோர்காவின் ‘கன்சியோன் தெ ஹினேத்தே’, அதாவது ‘குதிரைவீரன் பாட்டு’. மொத்தமே 16 வரி. தொடக்கத்திலும் முடிவிலும் ‘கோர்தொபா. லெஹானா ஈ சோலா’ (கோர்தொபா. தொலைவில், தனியே) என்ற பல்லவி. கோர்தொபா தெற்கு ஸ்பெயினில் உள்ள ஓர் ஊர். நடுவில் நான்கு வரிகளாக மூன்று பத்தி.

நான் புரிந்துகொண்ட பொருள்: கருங்குதிரை, பெரிய நிலா, பையில் ஆலிவ் காய்கள். வழி தெரிந்தாலும் நான் கோர்தொபா போய்ச் சேரமாட்டேன். சமவெளி வழியே, காற்றின் வழியே. கருங்குதிரை, சிவந்த நிலா. கோர்தொபாவின் கோபுரங்களிலிருந்து சாவு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐயோ, எவ்வளவு நீண்ட வழி! ஐயோ, என் வீரக் குதிரையே! கோர்தொபா சேரும் முன்னே சாவு எனக்காகக் காத்திருக்கிறதே!

சிக்கல்கள் இவை. எல்லா வரிக்கும் எட்டு அசை என்கிறார் ஆசிரியர், எனக்குச் சில வரிகளில் ஒன்பதும் பத்தும் வருகின்றன. எதுகை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அணிகள் என்று தேடினால் திரும்பத் திரும்ப வருதலும் சாவை ஆளாக்கியதும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றிய கவிதை என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா?

சொல்லேருழவன்:

அணிகளின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தக் கவிதையில் உவமை ஒன்றுகூடக் கிடையாது, உருவகமும் தேடினால்தான் அகப்படும். முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

16 வரியில் ஐந்தே வினைகள்: செபா (தெரிந்தாலும்), யெகரே (சேர்வேன்), எஸ்தா மிராந்தோ (பார்த்துக்கொண்டிருக்கிறது), எஸ்பேரா (காத்திருக்கிறது), யெகார் (சேர்தல்). இனி ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். முதல் இரண்டும் குதிரைவீரனுடையவை. ஒன்று ‘சுப்ஹுந்தீவோ’ வடிவம், நடந்ததாக உறுதி சொல்லாதது. மற்றது எதிர்காலம், அதுவும் ‘நுன்கா’ (ஒருபோதும் இல்லை) என்ற மறுப்போடு. கடைசியில் வரும் ‘யெகார்’ காலமும் இடமும் காட்டாத வெறும் பெயர் வடிவம். நிகழ்காலத்தில் உண்மையாக நடக்கும் வினைகள் இரண்டுதான், பார்ப்பதும் காத்திருப்பதும். இரண்டுக்கும் எழுவாய் சாவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது ஒரு பயணக் கவிதை. ஆனால் போகிறேன், ஓடுகிறது, சவாரி செய்கிறேன் என்று ஒரு வினையும் இல்லை. ‘போர் எல் யானோ, போர் எல் வியெந்தோ’ என்ற வரியில் ‘போர்’ (வழியே) என்ற முன்னிடைச்சொல்தான் நகர்வைத் தாங்குகிறது. ‘ஹாகா நெக்ரா, லூனா கிராந்தே’ வெறும் பெயர்களும் அடைகளும். குதிரை ஓடுவதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம், இலக்கணம் அவனை நகரவே விடவில்லை. உங்கள் மொழிப் பகுதிக்கு இந்த ஒரு கருத்தே போதும். தமிழாக்கத்தில் ‘குதிரை விரைகிறது’, ‘சமவெளியில் போகிறேன்’ என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் இந்த அமைப்பு உடைந்துபோகும். பெயரை மட்டும் வைத்து வாக்கியத்தை நிறுத்துவது தமிழுக்குப் புதிதல்ல, அதனால் அப்படியே விடலாம்.

‘யோ’ (நான்) என்ற சொல்லையும் தவறவிடாதீர்கள். தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும், ‘யெகரே’ என்றாலே ‘சேர்வேன்’தான். அப்படியிருந்தும் ‘யோ நுன்கா யெகரே’ என்று எழுதியிருப்பது அழுத்தத்துக்காக: வேறு யாராவது சேரலாம், நான் சேரமாட்டேன். அதோடு, ‘யோ’வை எடுத்துவிட்டால் வரியில் ஓர் ஒலி குறைந்துவிடும்.

அடுத்து, மூன்றாம் பத்தியில் இரண்டு ‘கே’ வருகின்றன. ‘அய் கே கமீனோ தான் லார்கோ’வில் உள்ளது மேற்குறி போட்ட ‘கே’, ‘எவ்வளவு நீண்ட’ என்ற வியப்பு. ‘அய் கே லா முவெர்த்தே’யில் உள்ளதற்கு மேற்குறி கிடையாது, அது இணைப்புச் சொல். தமிழில் ‘காத்திருக்கிறதே’ என்பதன் ஏகாரம் செய்யும் வேலை அது. எழுத்துத் தாளில் இரண்டுக்கும் மேற்குறி போட்டால் மதிப்பெண் போகும்.

யாப்புக்காரன்:

எண்ணிக்கை தவறுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றும் தமிழ் படித்தவர்களுக்கு இயல்பாக வரக்கூடியவை.

முதலாவது, ‘அசை’ என்ற சொல். நம் யாப்பில் ‘மலர்’ ஒரே நிரையசை, ஸ்பானியக் கணக்கில் ம-லர் என்று இரண்டு. நேர், நிரையை மறந்துவிட்டு உயிரொலிகளை மட்டும் எண்ணுங்கள். ‘முவெர்’, ‘வியென்’, ‘அவுன்’, ‘செய்’ போன்ற கூட்டுயிர்கள் ஒன்றாகவே எண்ணப்படும்.

இரண்டாவது, ‘சினலேஃபா’. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலியாகும். நமக்கு அந்த இடத்தில் உடம்படுமெய் வந்துவிடும்: மணி + அடித்தது = மணியடித்தது. ய் வந்ததும் இரண்டு உயிரும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. அதே பழக்கத்தில் ‘மி அல்ஃபோர்ஹா’வை மி-யல்-ஃபோர்-ஹா என்று நாலாகச் சொல்லிவிடுகிறோம். அது மூன்றுதான், ‘மியல்’ ஒரே மூச்சில் வர வேண்டும். இந்தக் கவிதையில் சினலேஃபா வரும் இடங்கள்: ‘லெஹானா ஈ’, ‘ஈ அசெய்தூனாஸ்’, ‘மி அல்ஃபோர்ஹா’, ‘யெகரே ஆ’, ‘மெ எஸ்தா’, ‘மெ எஸ்பேரா’. ஆறையும் தாளில் வில் போட்டு இணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வரியின் கடைசிச் சொல். அழுத்தம் கடைசி ஒலியில் விழுந்தால் ஒன்று கூட்ட வேண்டும். கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் உள்ளபடியே. அதற்கும் முந்தியதில் விழுந்தால் (எஸ்த்ரூஹுலா) ஒன்று கழிக்க வேண்டும். ‘கோர்தொபா’வின் அழுத்தம் ‘கோர்’ மேல் இருப்பதால் அது எஸ்த்ரூஹுலா.

யோ-நுன்-கா-யெ-க-ரேஆ-கோர்-தொ-பா: ஒன்பது. ஒன்றைக் கழித்தால் எட்டு. ‘தெஸ்தெ லாஸ் தோறெஸ் தெ கோர்தொபா’, ‘அந்தெஸ் தெ யெகார் ஆ கோர்தொபா’ இரண்டும் இப்படியே. கூட்டலும் கழித்தலும் வரியின் இறுதிச் சொல்லுக்கு மட்டும். ‘யெகரே’வும் கடைசி ஒலியில் அழுத்தம் பெற்ற சொல்தான், ஆனால் வரி நடுவில் நிற்பதால் எதையும் கூட்டக் கூடாது. பல்லவி இரண்டு வரியும் எட்டுக்கு வெளியே: ‘கோர்தொபா’ இரண்டு (மூன்றில் ஒன்று போக), ‘லெ-ஹா-நாய்-சோ-லா’ ஐந்து. ஆக, எட்டு என்று ஆசிரியர் சொன்னது நடுவிலுள்ள 12 வரிகளுக்கு.

இனி எதுகை. உங்கள் காது வரியின் தொடக்கத்தில் தேடியிருக்கும். இங்கே வரியின் கடைசியில் தேட வேண்டும், நம் இயைபைப் போல. ஆனால் மெய்யெழுத்து ஒத்துப்போகத் தேவையில்லை, கடைசி அழுத்தத்திலிருந்து உயிர்கள் மட்டும் ஒத்தால் போதும். இதற்குப் பெயர் ‘ரீமா அசொனாந்தே’. இரட்டைப்படை வரிகளின் கடைசிச் சொற்களை எடுங்கள்: சோலா, அல்ஃபோர்ஹா, கோர்தொபா, ரோஹா, கோர்தொபா, வலெரோசா, கோர்தொபா, சோலா. எல்லாம் ஓ-ஆ. எஸ்த்ரூஹுலாவில் நடு உயிர் கணக்கில் சேராது, அதனால் ‘கோர்தொபா’வும் ஓ-ஆ ஆகிறது. கிராந்தே, கமீனோஸ், வியெந்தோ போன்ற ஒற்றைப்படை வரிகள் கட்டற்றவை. எட்டு ஒலி, இரட்டைப்படை வரியில் மட்டும் அசொனாந்தே என்பது ‘ரொமான்ஸே’ என்ற பழைய ஸ்பானியக் கதைப்பாட்டு வடிவம். லோர்கா அதில் சில வரிகளை மட்டும் எடுத்துப் பல்லவிக்குள் அடைத்திருக்கிறார்.

சொல்லேருழவன் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கவிதையின் இயைபு முழுவதும் அந்த ஊர்ப் பெயரின் உயிர்கள். அவன் கோர்தொபா சேரமாட்டான், ஆனால் ஒன்றுவிட்ட ஒவ்வொரு வரியும் கோர்தொபாவின் ஒலியில்தான் போய் முடிகிறது. மூன்று பத்திகளும் அந்தப் பெயரிலேயே முட்டி நிற்கின்றன. வழி எங்கும் திறக்கவில்லை என்பதைக் காதே உணர்கிறது. இந்தக் கவிதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், 15 நிமிடத்தில் மூன்றை இதற்கே ஒதுக்கலாம்.

வாய்விட்டுப் படிக்கும்போது இன்னொன்றும் தெரியும். ‘ஹாகா நெக்ரா, லூனா கிராந்தே’யில் அழுத்தம் 1, 3, 5, 7 என்று சீராக விழுகிறது, குளம்படி போல. ‘யோ நுன்கா யெகரே ஆ கோர்தொபா’வில் 2, 6, 7. ஆறும் ஏழும் அடுத்தடுத்து மோதுகின்றன. சேரமாட்டேன் என்று சொல்லும் வரியில் குளம்படி இடறுகிறது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டு இந்த இரு வரிகளையும் படித்துக் காட்டுங்கள், விளக்கமே தேவைப்படாது.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. ‘தோறெஸ்’, ‘ரோஹா’ இரண்டிலும் நாக்கு அதிர வேண்டும். ‘கோர்தொபா’, ‘வலெரோசா’வில் ஒரே தட்டு. ரகர றகர வேறுபாடு காட்டிப் பேசுபவர்களுக்கு எளிது. ‘கோர்தொபா’வின் தகரத்தை ‘அது’ என்பதில் வருவது போல் மென்மையாகச் சொல்லுங்கள், பகரமும் உதடு முழுதாக ஒட்டாமல் வரட்டும்.

நிலவழகன்:

நன்றி ஐயா, வில் போட்டு எண்ணினேன், 12 வரியும் எட்டாக வந்துவிட்டது. ஒரு சந்தேகம். அவனுக்கு வழி தெரியும்தானே? அப்படியென்றால் ‘அவுன்கே செ’ என்று வராமல் ஏன் ‘அவுன்கே செபா’?

சொல்லேருழவன்:

நல்ல கேள்வி. இதைத் தமிழ்க்காரர் தமிழை வைத்தே பிடித்துவிடலாம். ‘அவுன்கே செ’ என்றால் ‘வழிகள் தெரிந்தும்’, தெரியும் என்பதைச் செய்தியாகவே சொல்லிவிடுகிறோம். ‘அவுன்கே செபா’ என்றால் ‘வழிகள் தெரிந்தாலும்’. தெரியுமா தெரியாதா என்பது இங்கே பேச்சில்லை, தெரிந்தும் பயனில்லை என்பதே பேச்சு. இதனால் அவனுக்கு வழி தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். ‘நான் பெற்ற தாயாகவே இருந்தாலும் என் பேச்சைக் கேட்கமாட்டான்’ என்று ஒருத்தி சொன்னால் அவள் தாய் இல்லை என்றா பொருள்? நடப்பில் உண்மையான ஒன்றையும் எடை இல்லாததாக ஒதுக்கிவைக்க இந்த வடிவம் உதவும், இரண்டு மொழியிலும்.

‘செபா’ என்பது நானுக்கும் அவனுக்கும் ஒரே வடிவம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியின் ‘யோ’ வந்து அதை உறுதிப்படுத்துகிறது.

அல்ஹாமா:

பண்பாட்டுப் பகுதிக்கு வருகிறேன். போர் விளக்கத்தை விட்டுவிடுங்கள், ஆண்டு பொருந்தாது. இந்தக் கவிதை உள்ள ‘கன்சியோனெஸ்’ தொகுப்பின் கவிதைகள் 1921 முதல் 1924 வரையிலானவை, நூல் மாலகாவில் 1927இல் வந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியது 1936 ஜூலையில், லோர்கா கொல்லப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். தன் சாவை முன்கூட்டியே பாடிவிட்டார் என்ற பேச்சும் வலைத்தளங்களில் நிறையக் கிடைக்கும். உருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கவிதையின் எந்த வரியையும் அது விளக்காது.

விளக்கக்கூடியவை வேறு. லோர்கா கிரனாதா பகுதிக்காரர், 1898இல் ஃபுவெந்தே வக்கெரோஸில் பிறந்தவர். இசையமைப்பாளர் மனுவெல் தெ ஃபாயாவோடு சேர்ந்து 1922 ஜூனில் கிரனாதாவில் ‘கந்தே ஹொந்தோ’ பாட்டுப் போட்டி நடத்தியவர்களில் ஒருவர். தெற்கு ஸ்பெயின் பகுதியான அந்தலூசியாவின் அந்த ஆழ்குரல் பாட்டில் ‘அய்’ என்ற கூவல் சொல்லுக்கு முன்பே எழுந்து நீளும். மூன்றாம் பத்தியில் மூன்று வரியும் ‘அய்’ என்று தொடங்குவதை அணி இலக்கணத்தில் ‘அனாஃபொரா’ என்று எழுதிவிட்டு நகராமல் அந்தப் பாட்டு மரபோடு சேர்த்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு பத்தியும் அடக்கமான குரல், மூன்றாவதில்தான் வாய்விட்டு அழுகை.

ஏன் கோர்தொபா? இதற்கு லோர்காவிடமே சான்று இருக்கிறது. 1921இல் எழுதி 1931இல் வெளியான ‘பொயேமா தெல் கந்தே ஹொந்தோ’வில் ‘செவில்யா காயப்படுத்த, கோர்தொபா சாக’ என்ற வரிகள் வருகின்றன. சாவைச் சிறுமைப்படாமல் ஏற்கச் சொன்ன ஸ்தோயிக்கத் தத்துவ அறிஞர் செனெகா பிறந்த ஊரும் அதுவே. 929 முதல் 1031 வரை இஸ்லாமியக் கலீஃபா ஆட்சியின் தலைநகரம், 1236இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ கைப்பற்றிய பின் பெருமை குன்றிய நகரம். ‘சோலா’ (தனியே) என்ற அடைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அரபு வேர்ச் சொற்களையும் எடுத்துக்காட்டலாம்: அசெய்தூனா (ஆலிவ் காய்), அல்ஃபோர்ஹா (குதிரை முதுகின் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பை), தலைப்பிலுள்ள ஹினேத்தே (ஸெனாத்தா என்ற வட ஆப்பிரிக்கப் பெர்பர் குதிரைப்படையினரின் பெயரிலிருந்து வந்தது).

யார் இந்தக் குதிரைவீரன் என்றால், வழிப்பறிக்காரன் (பந்தொலேரோ) என்று எழுதுங்கள். அதே தொகுப்பில் ஏறக்குறைய இதே தலைப்பில் இன்னொரு கவிதை இருக்கிறது, தலைப்போடு ‘1860’ என்ற ஆண்டும் சேர்ந்தது. அதில் ‘பந்தொலேரோக்களின் கரிய நிலா’ என்று வெளிப்படையாகவே வருகிறது. வலையில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், கவனம். இறந்த வீரனைச் சுமந்து போகும் குட்டிக் கருங்குதிரை வருவது அந்த மற்றது.

சொல்லேருழவன்:

அல்ஹாமா, இரண்டு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

வழிப்பறிக்காரன் என்பது அந்த மற்றக் கவிதையின் சொல். நம் கவிதையில் இவன் யார், எதற்குப் போகிறான், யார் துரத்துகிறார்கள், எதுவும் இல்லை. காரணம் சொல்லாததில்தான் அச்சமே இருக்கிறது. ‘இப்படியும் படிக்கிறார்கள், பக்கத்துக் கவிதை அதற்கு இடம் தருகிறது’ என்று எழுதலாம், அவன் இன்னார் என்று முடிவுகட்டக் கூடாது. ஜிப்சி என்று எழுதுவதும் அப்படித்தான், இந்த 16 வரியில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை.

அரபுச் சொற்களும் அப்படி. அசெய்தூனா என்பது ஸ்பெயினில் கடைத்தெருச் சொல், சொல்பவருக்கு அரபு நினைவே வராது. அந்த மண்ணின் பழைய அடுக்கு மொழியில் எப்படித் தங்கியிருக்கிறது என்று காட்ட உதவும். கவிஞர் திட்டமிட்டு மூன்று அரபுச் சொல் வைத்தார் என்றால் ஆசிரியர் ஆதாரம் கேட்பார்.

அல்ஹாமா:

பந்தொலேரோ விஷயத்தில் நீங்கள் சொல்லும் அளவு சரி, ‘இப்படியும் படிக்கலாம்’ என்றே நிறுத்திக்கொள்ளட்டும். அரபுச் சொற்களை நான் விடமாட்டேன். கவிஞர் நினைத்தாரா என்பது வேறு. கோர்தொபாவைப் பற்றிய பாட்டில் ஆளின் பெயரும் அவன் பையும் பையிலுள்ள உணவும் அந்த வரலாற்றிலிருந்து வந்திருப்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஒரு வாக்கியம் போதும்.

தேன்மொழி:

நிலவையும் சாவையும் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

நிலா முதலில் ‘பெரியது’, பிறகு ‘சிவந்தது’. கருங்குதிரை மாறவில்லை, நிலவின் அடை மட்டும் மாறுகிறது. இதை இரண்டு விதமாகவும் சொல்லலாம். அடிவானத்துக்கு அருகில் நிலா பெரிதாகத் தோன்றும், சிவக்கவும் செய்யும். ஆகவே இரவு நகர்ந்துவிட்டது. அதோடு சிவப்பு இரத்தத்தின் நிறம். லோர்காவின் உலகில் நிலா சாவோடு கைகோத்தே வரும்: ‘ரொமான்ஸே தெ லா லூனா, லூனா’வில் நிலா ஒரு குழந்தையை வானத்துக்குக் கூட்டிப்போகிறது, ‘போதாஸ் தெ சங்ரே’ நாடகத்தில் நிலா மேடையேறி ஓடிப்போனவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னாலே போதும். கறுப்பு என்றால் சாவு, சிவப்பு என்றால் இரத்தம், ஆலிவ் என்றால் கசப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் ஒட்டிக்கொண்டே போவதுதான் இந்தக் கவிதையில் மாணவர்கள் வழுக்கும் இடம். ஆலிவ் காயைப் பச்சையாகத் தின்ன முடியாது, உப்புநீரில் ஊறவைத்துக் கசப்பு நீங்கிய பின்பே வழிக்கு எடுத்துப்போவார்கள். கவிதையில் அது எளிய கட்டுச்சோறு. எல்லாம் அச்சமாக இருக்கும் இடத்தில் வயிற்றுக்கான ஒரே பொருள் அது, அந்த எளிமையோடே இருக்கட்டும்.

‘லா முவெர்த்தே’ பெண்பால் பெயர். ஸ்பானிய மரபில் சாவு ஆளாக வரும்போது பெண்ணாகவே வரும். தமிழாக்கத்தில் எமன் என்றோ கூற்றுவன் என்றோ போட்டால் எருமையும் பாசக்கயிறும் கூடவே வந்துவிடும், கோபுரத்திலிருந்து பார்க்கும் பெண் மறைந்துவிடுவாள். ‘சாவு’ என்று வைத்து, பெண்பால் என்பதை விளக்கத்தில் சொல்லுங்கள். ‘கோபுரம்’ என்றதும் நம் மனத்தில் கோயில் எழும், ஆகவே ‘தோறெஸ்’ என்பது மணிக்கூண்டும் கோட்டைக் கொத்தளமும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

‘ஹாகா’ சாதாரணக் குதிரை அல்ல, ஒன்றரை மீட்டர் உயரம் எட்டாத குட்டை இனம். நீண்ட வழி, சின்னக் குதிரை, அதற்கு ‘வலெரோசா’ (வீரமுள்ள) என்ற அடை. ‘புரவி’ என்று மொழிபெயர்த்தால் போர்க்களக் குதிரை ஆகிவிடும், ‘குதிரை’யே நல்லது.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். ஸ்பானியத்தில் ஒரு முறை நிதானமாகப் படிக்க ஒரு நிமிடம், பொருள் சொல்ல இரண்டு. வினைகளுக்கு நான்கு, ஒலிக்கும் இயைபுக்கும் மூன்று, கந்தே ஹொந்தோவுக்கும் கோர்தொபாவுக்கும் மூன்று, நிலவுக்கு ஒன்று. மிச்சம் ஒரு நிமிடத்தில் மறுபடி படியுங்கள், இந்த முறை விரல் தட்டோடு. எழுத்துத் தாளில் ஒவ்வொரு அணிப் பெயருக்கும் வரி எண்ணும், அந்த வரியில் அது என்ன செய்கிறது என்ற ஒரு வாக்கியமும் இருக்கட்டும். பெயரை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. நூலகத்தில் தேடும்போது ‘லோர்கா’வில் பார்க்காமல் ‘கார்சியா’வில் பாருங்கள். தந்தை வழிப் பெயர் கார்சியா, லோர்கா தாய் வழி. நூலாசிரியர் அடைவுகள் இந்த இரண்டு குடும்பப் பெயர்களில் முதலாவதன் கீழ்தான் வைத்திருக்கும்.